கை கால் சில்லிடும்போது



அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி நடக்கும் ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். உள்ளேயிருந்து வரும் டாக்டர், "அப்பா ஷாக்ல இருக்காரு. பி.பி. ரொம்ப இறங்கிடுச்சு" என்கிறார். மகன் திகைத்துப் போகிறார். "யாரும் அவர்கிட்ட எதுவும் சொல்லலையே சார்! நெலத் தகராறு விஷயத்தக்கூட வீட்ல மறைச்சுத்தான் வெச்சிருக்கோம்" என்கிறார். டாக்டருக்கு நின்று பேச நேரமில்லை, உள்ளே ஓடிவிடுகிறார். மகன் வெளியே நின்றபடி, அப்பாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தது யார் என்று தம்பியிடம் விசாரிக்க ஆரம்பிக்கிறார். உள்ளே நடந்திருப்பது வேறு. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய கிருமித் தொற்று ரத்தத்தில் கலந்து, பெரியவரின் ரத்தக் குழாய்களைத் தளர வைத்துவிட்டது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தம் போகவில்லை.

மகன் மேல் குற்றமில்லை. நாம் ஷாக் என்றும் அதிர்ச்சி என்றும் சொல்வதெல்லாம் ஓசையோடு வருபவை. கெட்ட செய்தி வந்தால் ஷாக். கரண்ட் அடித்தால் ஷாக். தங்கம் விலை ஏறினாலும் ஷாக். மருத்துவர் சொல்லும் ஷாக்குக்குச் சத்தமே கிடையாது. உடலின் திசுக்களுக்குத் தேவையான ரத்தமும், அந்த ரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜனும் போதுமான அளவு போய்ச் சேராத நிலைதான் அது. இது சில மணி நேரம் நீடித்தால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்த முதல் மணி நேரங்களில் நோயாளி எங்கள் கையில் இருப்பதில்லை, உங்கள் வீட்டில்தான் இருப்பார். ஆகவே இன்றைய பேச்சு உங்களுக்காக.

முதலில் குழப்பம் தரும் சிலவற்றை ஒதுக்கிவிடுவோம். துக்கச் செய்தி கேட்டு ஒருவர் மயங்கி விழுகிறார். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் கண் திறந்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். இது வெறும் மயக்கம். நரம்பின் தூண்டுதலால் இதயத் துடிப்பு சற்று நேரம் மெதுவாகி, மூளைக்கு ரத்தம் குறைந்து, தானே சரியாகிவிடுகிறது. மின்சார ஷாக் இன்னொன்று. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் இதயத்தின் தாளத்தைக் குலைத்து, அது துடிக்காமல் வெறுமனே நடுங்கும்படி செய்துவிடும். மெயின் சுவிட்சை அணைக்காமல் அடிபட்டவரைத் தொடக் கூடாது. அணைத்த பிறகு, மூச்சு இல்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அப்படி நடுங்கும் இதயத்தை நிறுத்தித் தாளத்துக்குத் திருப்புவதும் மின்சாரம்தான். 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், அறுவை மேசையிலேயே இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனை அப்படி மீட்டார். இதை இத்தோடு விடுகிறேன்.

நம் விஷயத்துக்கு வருவோம். 1737-இல் ஹென்றி பிரான்சுவா லெ திரான் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், துப்பாக்கிக் குண்டுக் காயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1743-இல் அது ஆங்கிலத்துக்குப் போனபோது ஷாக் என்ற சொல் மருத்துவத்துக்குள் வந்தது. குண்டு உடலில் மோதும் குலுக்கலைத்தான் அது குறித்தது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, நரம்புகள் ஆடிப்போவதால் காயம்பட்டவன் சாகிறான் என்றே மருத்துவ உலகம் பேசிவந்தது. முதல் உலகப்போரில், நசுங்கிய தசையிலிருந்து ஏதோ நச்சு கிளம்பி ரத்தத்தில் கலக்கிறது என்றார்கள். காயத்தில் வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சமாக இருக்கிறது, ஆள் மட்டும் வெளிறிச் செத்துப்போகிறான். இந்தப் புதிருக்கு விடை தேடினார்கள்.

விடை அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. ஆல்பிரட் பிளாலாக் அங்கே நாய்களின் காலை நசுக்கிவிட்டு, அடிபட்ட காலையும் அடிபடாத காலையும் எடை போட்டுப் பார்த்தார். அடிபட்ட காலுக்குள் அவ்வளவு ரத்தமும் நீரும் கசிந்து தேங்கியிருந்தன. ரத்த அழுத்தம் இறங்க அதுவே போதும், மர்ம நச்சு எதுவும் தேவையில்லை. 1934-இல் அவர் ஷாக்கை அதன் காரணத்தைக் கொண்டு வகை பிரித்தார். ரத்தமும் நீரும் குறைவதால் வருவது, இதயம் தளர்வதால் வருவது, ரத்தக் குழாய் விரிவதால் வருவது, நரம்பால் வருவது என்ற அந்தப் பிரிவைத்தான் சிறு மாற்றங்களோடு இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

அந்த ஆய்வுக்கூடத்தில் 1930-இல் வேலைக்குச் சேர்ந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர். தச்சு வேலை செய்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த பணம், பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கியோடு மூழ்கிப்போயிற்று. ஷாக் பற்றிய சோதனைகளை நாள்தோறும் கையால் செய்தவர் அவர். சம்பளப் பட்டியலிலோ அவர் துப்புரவுப் பணியாளர். பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு முதன்முதலாக இதய அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழி சொன்னவரும் அவரே. 1976-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஷாக்கைப் பற்றி எங்கே பேசினாலும் இந்தப் பெயரைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை.

உடல் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. முக்கால் லிட்டர் வரை வெளியேறினால் வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போனால் நாடி வேகமாகும், தோல் சில்லிடும். அப்போதும் பி.பி. கருவியில் மேல் எண் நன்றாகவே இருக்கும். சுமார் ஒன்றரை லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இழந்த பிறகுதான் அந்த எண் சரியும். காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அணையில் நீர்மட்டம் சரியாகக் காட்டும், கடைமடை வயல் மட்டும் காய்ந்து கிடக்கும். உடம்பு தன் கடைமடைகளை, அதாவது தோலையும் குடலையும் சிறுநீரகத்தையும் காயவிட்டு, இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. எனவே பி.பி. நார்மல் என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஷாக் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் பி.பி. இறங்கும்.

பிரசவத்தில் இது இன்னும் ஏமாற்றும். கர்ப்பிணியின் உடலில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக ரத்தம் ஊறியிருக்கும். அந்தச் சேமிப்பால் அவள் வெகுநேரம் தாக்குப்பிடிப்பாள். படுக்கைக்கு அடியில் துணி நனைந்துகொண்டே இருக்கும், அவள் குழந்தையின் முகம் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். நாடி மட்டும் 120-ஐத் தாண்டியிருக்கும். அதை எண்ணிப் பார்க்கும் நர்ஸ்தான் அங்கே உயிர் காப்பவர்.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று முதலில் துணிந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1831-இன் கடைசியில் காலரா இங்கிலாந்துக்குள் நுழைந்தது. வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற 22 வயது அயர்லாந்து மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா, 1832 மே மாதம் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகப் பகுதியில் செயலில் இறங்கினார். முதல் நோயாளி ஒரு மூதாட்டி. கண் குழிந்து, நாடி கைக்கு அகப்படாமல், சாகும் தறுவாயில் கிடந்தவர். லாட்டா கையிலுள்ள ரத்தக் குழாயைத் திறந்து குழல் செருகி, உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. விடாமல் செலுத்தினார். சிறிது நேரத்தில் குழிந்த கண்கள் நிமிர்ந்தன, நாடி திரும்பியது, கை கால் சூடேறியது, மூதாட்டி பேசினார். அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், ஏறக்குறைய மூன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தது. இனிப் பயமில்லை என்று மருத்துவமனை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா போனார். வாந்தியும் பேதியும் மறுபடி தொடங்கின. மறுபடி உப்புநீர் செலுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார்.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை தேறியவர் மறுபடி சரிய முடியும் என்பதை லாட்டாவின் மூதாட்டி அன்றே காட்டிவிட்டார். லாட்டா அடுத்த ஆண்டே இறந்துபோனார், அவருடைய முறையும் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஓஷாக்னசி 1833-இல் கல்கத்தாவுக்கு வந்து, பிற்பாடு இந்தியாவின் தந்திக் கம்பித் தடங்களை அமைத்தவர் என்று பெயர் பெற்றார்.

அதே வங்காளத்தில் 1971-இல் இந்தக் கதை தொடர்ந்தது. வங்கதேசப் போரில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா. தரையில் வாந்திக்கும் பேதிக்கும் நடுவில் நோயாளிகள் கிடந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பும் சோடாவும் குளூக்கோஸும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்கள் நர்ஸுகள்கூட அல்லர், நோயாளிகளின் அம்மாவும் அக்காவும்தான். குளூக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், உப்போடு நீரும் உள்ளே போகும். அவ்வளவுதான் அதன் அறிவியல். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த முகாமில் தன் வலிமையை நிரூபித்தது.

அப்படியானால் எல்லா ஷாக்குக்கும் குளூக்கோஸ் ஏற்றினால் போதுமே என்று தோன்றும். "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். மாரடைப்பில் இதயத் தசையே தளர்ந்து ஷாக் வந்தவருக்கு அப்படி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மருத்துவ உலகத்தையே உலுக்கியது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குன்றிய அறிகுறிகளோடும் வந்த 3,141 குழந்தைகளைக் கவனித்தார்கள். வேகமாக டிரிப்ஸ் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் சற்று அதிகம். அப்படி ஏற்றாமல், மெதுவாக மட்டும் நீர் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு. நெடுங்காலப் பழக்கம் ஒன்று குழந்தைகளுக்குக் கேடு செய்ததை அந்த மருத்துவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். எந்த ஷாக், யாருக்கு, எவ்வளவு நீர் என்று பார்க்காமல் செய்யும் சிகிச்சை ஆபத்தானது. வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு நீர்தான் மருந்து.

ஒவ்வாமை ஷாக் தனி ரகம். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடற்பயணம் போன சார்ல் ரிஷே, கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார். பாரிஸ் திரும்பி நாய்களிடம் சோதித்தார். நெப்டியூன் என்ற நாய்க்கு முதல் ஊசியில் ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து அதே அளவு போட்டதும் 25 நிமிடத்தில் இறந்துபோனது. முதல் ஊசி காப்பாற்றும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மாறான பாடம். அதற்கு 1913-இல் நோபல் பரிசும் கிடைத்தது. குளவி கொட்டி, அல்லது ஊசி மருந்து போட்டு, சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, தலை சுற்றினால் அதுவே இது. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். தலை சுற்றுபவரை எழுந்து நடக்கவிடாதீர்கள், படுக்க வையுங்கள்.

மனத்தின் அதிர்ச்சிக்கும் உடலின் ஷாக்குக்கும் உறவே இல்லையா என்று ஒரு கேள்வி வரும். உண்டு. கடும் துயரத்தில் இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று ஊதித் தளர்ந்துபோவதை 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், சிலருக்கு அதுவே ஷாக்காக முடியும். அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டிய மன்னனையும் அவன் தேவியையும் கதையில் படித்து வளர்ந்த நமக்கு இதை நம்புவது கடினமில்லை.

இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் மோதிக்கொண்ட இடம் முதல் உலகப்போர். பீரங்கிக் குண்டுகள் வெடித்த பதுங்குகுழிகளிலிருந்து, மேலே ஒரு கீறல்கூட இல்லாமல், பேச்சிழந்து பார்வையிழந்து நடுங்கிக்கொண்டு வந்தார்கள் வீரர்கள். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மயர்ஸ் அவர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற பெயர் நிலைத்தது. வெடிப்பின் அதிர்வு மூளையைக் கலக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். வெடிப்புக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் அது வந்தது. அப்புறம் கோழை என்ற பழி. எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர், அவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டார், கேட்டார். மறந்துவிடு என்று அதட்டவில்லை. இந்த ரிவர்ஸ் நமக்கு அந்நியர் அல்லர். 1901, 1902-இல் நீலகிரியில் தோடர்களோடு பழகி, அவர்கள் வாழ்வை எழுதி 1906-இல் பெரிய நூலாக வெளியிட்டவர் அவர்தான். எருமைப் பால் சடங்குகளை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்டு எழுதிய காதுதான் பின்னால் போர் வீரர்களின் கொடுங்கனவுகளையும் கேட்டது என்று நான் நம்புகிறேன். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்க்கவில்லை. போர்க்களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படைகள் சுட்டுக்கொன்றவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் எத்தனையோ பேர் நோயாளிகள்.

'ஷாக் ட்ரீட்மென்ட்' பற்றியும் ஒரு வார்த்தை. 1938-இல் ரோமில் தொடங்கிய இந்தச் சிகிச்சையைச் சினிமா பேயாகக் காட்டிவைத்திருக்கிறது. இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சாப்பாடு தண்ணீர் மறுத்துச் சாவை நோக்கிப் போகும் கடும் மனச்சோர்வில் இது உயிர் மீட்கிறது. சொல்லைக் கேட்டுப் பயந்து அதை மறுத்துவிட வேண்டாம்.

கடைசியாக நம் வாசலுக்கு வருகிறேன். டெங்கு. மழை ஓய்ந்ததும் ஒவ்வோராண்டும் வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? பிளேட்லெட் எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொண்டு, பப்பாளி இலைச் சாறு தேடி ஓடுகிறோம். டெங்குவில் குழந்தைகள் சாவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவதால் அல்ல. ரத்தக் குழாயின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடுகிறது. வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராமலேயே ஷாக். ரத்தக் கசிவு இல்லாத நோயாளிகளுக்குப் பிளேட்லெட் ஏற்றிப் பார்த்து, அதனால் பயனில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவர்கள் 2017-இல் எழுதினார்கள்.

இந்தக் கசிவு எப்போது நடக்கிறது தெரியுமா? காய்ச்சல் விடும் நேரத்தில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடம்பு தொட்டால் குளிர்ந்திருக்கிறது. "காய்ச்சல் விட்டிருச்சு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாம்" என்கிறாள் அம்மா. பிள்ளை தெளிவாகப் பேசுகிறது, பெயர் கேட்டால் சொல்கிறது. ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, படுத்தே கிடக்கிறது. உள்ளங்கையும் பாதமும் சில்லென்று ஈரமாக இருக்கின்றன. அந்தக் குளிர்ச்சியைக் காய்ச்சல் விட்டதாக நினைத்துவிடுகிறோம். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான காலம். ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்தால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் 20 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், மேல் எண் 100 என்று காட்டினாலும், குழந்தை ஷாக்கில் இருக்கிறது.

கருவி இல்லாத இடத்தில் விரல் இருக்கிறது. இப்போதே செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரின் விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் ஆனால், நாடியும் வேகமாக இருந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். இதைப் பாட்டி வைத்தியம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், கிருமித் தொற்றால் ஷாக்கில் இருந்த 424 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் இந்த விரல் சோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். விரலை நம்பிச் செய்த சிகிச்சை, ரத்தப் பரிசோதனையை நம்பிச் செய்த சிகிச்சைக்குச் சளைக்கவில்லை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். வலி ஊசி, புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் இரவென்றும் பார்க்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். டாக்டர் கேட்க மறந்தாலும், காய்ச்சல் விட்ட நேரத்தையும் சிறுநீர் போன நேரத்தையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த இரண்டும் எந்த லேப் ரிப்போர்ட்டிலும் இருக்காது.